சோபாவிலிருந்து கணக்குப் போடுங்கள்



வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கள் சோபா டிவியிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது?" கேட்டவருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் அவருடைய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

இன்று நான் வலியுறுத்த வந்தது இதைத்தான். உட்காரும் இடத்திலிருந்து தொடங்கி, ஸ்பீக்கருக்குப் போய், கடைசியில்தான் அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு வர வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பெரிய எண் அச்சடித்த பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்துக்கு ஸ்பீக்கர் தேடுகிறோம். பணம் செலவழித்தும் வசனம் புரியவில்லை என்று வருந்துகிற வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 'சென்சிடிவிட்டி' என்று ஓர் அளவு உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது. வீட்டு ஸ்பீக்கர்களில் 85 முதல் 91 வரை சாதாரணமாகப் பார்க்கலாம். நடுவாக 88 என்று வைத்துக்கொள்வோம். சோபா மூன்று மீட்டரில், அதாவது சுமார் பத்து அடியில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறையும். அப்படிப் பார்த்தால் மூன்று மீட்டரில் ஒன்பதரை போகும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் மூன்று டெசிபல் போல மீண்டும் வரும். ஆக, ஒரே ஒரு வாட்டில் உங்கள் காதுக்கு ஏறத்தாழ 82 டெசிபல் வந்து சேர்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல்தான். ஒரு வாட்டுக்கே இவ்வளவு.

திரையரங்கில் ஒரு சேனலின் உச்ச ஒலி 105 டெசிபல் வரை போகலாம் என்பது சினிமா ஒலிக்கலவையின் நிர்ணயம். ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் பெட்டியான ரிசீவரில் வால்யூமை '0 டெசிபல்' என்ற குறியில் வைத்தால் அந்த அளவு வர வேண்டும் என்றுதான் அமைத்திருக்கிறார்கள். 82-இலிருந்து 105-க்கு இன்னும் 23 டெசிபல் தேவை. பத்து மடங்கு வாட்ஸ் கொடுத்தால் பத்து டெசிபல் கூடும், நூறு மடங்குக்கு இருபது, இரண்டு மடங்குக்கு மூன்று. ஆக 23 டெசிபலுக்கு 200 வாட்ஸ் வேண்டும். பயந்துவிடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தச் சத்தத்தில் படம் பார்க்கிறவர் யாரும் இல்லை. பெரும்பாலோர் அதைவிடப் பத்து டெசிபலாவது குறைத்துத்தான் கேட்கிறோம். பத்து டெசிபல் குறைந்தால் 200 வாட்ஸ் 20 வாட்ஸாகிவிடுகிறது.

அதே சோபா, அதே சத்தம், ஸ்பீக்கர் மட்டும் 91 டெசிபல் என்றால் 10 வாட்ஸ் போதும். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ். அதாவது ஸ்பீக்கரின் தாளில் இருக்கிற மூன்று டெசிபல் வித்தியாசம், ஆம்ப்ளிஃபையரின் திறனை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். ஆனால் 80 வாட்ஸ் ரிசீவருக்கும் 100 வாட்ஸ் ரிசீவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு டெசிபல். காதுக்கு அது தெரிவதே அரிது. அந்த ஒரு டெசிபலுக்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில ஸ்பீக்கர்களின் தாளில் 'ஒரு வாட்' என்று போடாமல் '2.83 வோல்ட்' என்று போட்டிருப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டு வாட் ஆகிவிடும். அப்போது தாளில் போட்ட டெசிபலில் மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் 'பிஎம்பிஓ' என்ற எழுத்துகளைப் பார்க்காத வீடு இல்லை. கைக்குள் அடங்குகிற டேப் ரெக்கார்டரில் ஆயிரம் வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1974-லேயே ஆம்ப்ளிஃபையர் விதி ஒன்று கொண்டுவந்தார்கள். எத்தனை ஓமில், எந்த அலைவரிசைக்குள், எவ்வளவு சிதைவோடு அந்த வாட்ஸ் வருகிறது என்று சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்கு மதிப்பு என்பது அந்த விதியின் சாரம். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஒரே ரிசீவரில், "8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல் இயங்கும்போது" 80 வாட்ஸ் என்று ஒரு மூலையில் போட்டிருக்கும். அட்டைப்பெட்டியின் முகப்பில் "6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ், ஒரே ஒரு சேனல், 10 சதவீதச் சிதைவு" என்ற நிபந்தனையில் அளந்த 140, 150 என்ற எண் பெரிதாக இருக்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நம் கணக்குக்கு உதவுவது மூலையில் இருக்கிற சின்ன எண் மட்டுமே.

ஏன் இரண்டு சேனல் கணக்கு? ரிசீவருக்குள் ஏழு ஆம்ப்ளிஃபையர் இருந்தாலும் அத்தனைக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். மாடித் தொட்டியில் ஒரு குழாயைத் திறந்தால் வேகமாக வருகிற தண்ணீர், எல்லாக் குழாயையும் சேர்த்துத் திறந்தால் மெலிவதைப் போல, எல்லாச் சேனலும் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். ஆனாலும் உண்மையான திரைப்படத்தில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது அபூர்வம். அதனால் இரண்டு சேனல் எண் நேர்மையாக இருந்தால் அது போதும் என்பது என் தீர்ப்பு. சந்தேகம் இருந்தால் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். பழைய முறை ஆம்ப்ளிஃபையர் கொண்ட ஏழு சேனல் ரிசீவர் எட்டு, பத்து கிலோவாவது இருக்கும். எடை என்பது டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும்தான். 'கிளாஸ் டி' வகைக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அவை எடை குறைவாகவே நல்ல திறன் தரும்.

நம் ஊர் அசெம்பிள் செட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் கேபினட்டும் வாங்கி, ஊர் ஊராக ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்த கைகள் எத்தனையோ. எல்ஏ 4440 ஐசி-யில் தொடங்கி, டிடிஏ 2030, டிடிஏ 7294, பிறகு 5200-1943 டிரான்ஸிஸ்டர் ஜோடி என்று வளர்ந்த தொழில் அது. கம்பெனி ரிசீவர் வாங்க வசதியில்லாத பல்லாயிரம் வீடுகளுக்குச் சரவுண்ட் ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள். நான் அவர்களை மதிக்கிறேன். இன்றும் அவர்களிடம் செய்யக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி, டிரான்ஸ்ஃபார்மர் என்ன அளவு? 12-0-12, 5 ஆம்பியர் என்றால் மொத்தம் 24 பெருக்கல் 5, அதாவது 120 விஏ. வெப்பமாகப் போவது போக, எல்லாச் சேனலுக்கும் சேர்த்துத் தொடர்ச்சியாக அறுபது எழுபது வாட்ஸ்தான் அதிலிருந்து எடுக்கலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரை டிசி-யாக மாற்றினால் மேலும் கீழும் 16 வோல்ட் போல வரும். ஐசி-க்குள் இழப்பது போக, 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்குப் பத்து வாட்ஸ் கிடைக்கும். முகப்பில் ஆயிரம் வாட்ஸ் என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இவ்வளவே. அந்தப் பத்து வாட்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. சற்றுமுன் போட்ட கணக்கைப் பாருங்கள். 91 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் அதுவே சின்ன ஹாலுக்குப் போதுமானது. இரண்டாவது கேள்வி, டிரான்ஸிஸ்டர் ஒரிஜினலா? 5200-1943 ஜோடியில் டூப்ளிகேட் ஏராளமாகப் புழங்குகிறது. மூன்றாவதுதான் முக்கியம். இது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் தனித்தனி ஒலி தருகிற நிஜமான 5.1 தானா? டால்பி, டிடிஎஸ் ஒலியைப் பிரித்தெடுக்கிற டிகோடர் போர்டு இல்லாமல், ஸ்டீரியோவையே ஆறாகக் கிளைபிரித்துப் பின்னால் அனுப்புகிற செட்டுகள் நிறைய. அவற்றில் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு கேட்கும். அது சரவுண்ட் ஆகாது. பின்னால் மட்டும் மழை பெய்கிற ஒரு காட்சியைப் போட்டு, பின் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

படத்தின் ஒலிக்காகத் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களுக்கு நாம் செய்கிற மரியாதையும் இப்படிச் சரியாகப் பிரித்துக் கேட்பதில் அடங்கியிருக்கிறது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. அடுத்த ஆண்டே 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்-இல் வந்தது. 2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸிலும், 2013-இல் 'விஸ்வரூபம்' ஆரோ 3டி-யிலும் வந்தன. புதிய ஒலி நுட்பம் எது வந்தாலும் தமிழ்ப் படங்கள் முன்வரிசையில் நின்றிருக்கின்றன. அந்த ஒலி வீட்டுக்கு வரும்போது நான்கு ஸ்பீக்கரில் ஒரே இரைச்சலாக முடிந்துவிடக் கூடாது.

இப்போது எல்லோர் வீட்டிலும் இருக்கிற குறைக்கு வருகிறேன். "வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது. ரிமோட்டைக் கையிலிருந்து கீழே வைக்க முடியவில்லை." இதைக் கேட்டதும் கடைக்காரர் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையரைக் காட்டுவார். தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். வாட்ஸ் கூடினால் வசனமும் சண்டையும் சேர்ந்தேதான் ஏறும்.

காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. திரைப்பட ஒலியை அமைதியான பெரிய அரங்கில் உட்கார்ந்து கலக்குகிறார்கள். அங்கே முணுமுணுப்பும் கேட்கும், வெடியும் கேட்கும். நம் ஹாலில் மின்விசிறி ஓடுகிறது, ஏசி உறுமுகிறது, கீழே தெருவில் ஹார்ன். வால்யூமைக் குறைத்ததும் வசனம் அந்த இரைச்சலுக்கு அடியில் மூழ்கிவிடுகிறது. போதாததற்கு, தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ், சுவர் வெறும் பெயின்ட், சன்னலில் மெல்லிய துணி. பேச்சில் மெய்யெழுத்துகள்தான் சொல்லைப் புரியவைப்பவை. எதிரொலி அவற்றைத்தான் முதலில் கலைத்துவிடுகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது மூன்று, நான்கு காரியங்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. ஐந்து ஸ்பீக்கரில் எதற்குக் கூடப் பணம் போடலாம் என்று கேட்டால், யோசிக்காமல் சென்டர் என்பேன். முன் இரண்டு ஸ்பீக்கர் எந்த வரிசையோ, அதே வரிசையில் சென்டரை வாங்குங்கள். டிவி ஸ்டாண்டின் அலமாரிக்குள் அதைத் திணிக்காதீர்கள். விளிம்புக்கு முன்னால் இழுத்து, காதை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். ரிசீவரில் சென்டர் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றலாம். இரவில் உச்ச ஒலிகளைத் தணிக்கும் 'நைட் மோட்' போன்ற வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். கனமான திரைச்சீலை போடுங்கள். தரையில் தடித்த கார்ப்பெட் இல்லையென்றால் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலும் மேல் சுருதி எதிரொலி தணியும். தாழ்ந்த ஒலியை அது தொடாது, ஆனால் வசனத்துக்கு அந்தத் தணிவே பெரிய உதவி.

தாழ்ந்த ஒலி என்றதும் சப்-வூஃபர். ஆம்ப்ளிஃபையரின் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது இந்த பாஸ்தான். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அதனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் சப்-வூஃபருக்குத் திருப்பிவிடுவது வழக்கம். டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டிஎச்எக்ஸ் முறை நிலைநிறுத்திய எண் அது. ரிசீவரின் அமைப்பில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று குறித்தால் இது நடந்துவிடும். வாங்கிய ஸ்பீக்கர் பெரிதாயிற்றே, 'லார்ஜ்' என்று போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். சப்-வூஃபருக்குள்ளேயே தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பளுவை அதனிடம் தள்ளினால், ரிசீவரின் 80 வாட்ஸ் குரலுக்கும் இசைக்கும் தாராளமாக மிஞ்சும்.

சப்-வூஃபரை எங்கே வைப்பது? பன்னிரண்டு அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஓர் ஒத்ததிர்வு எழும். அறை சதுரமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே சுருதியில் சேர்ந்துகொண்டு 'கும்' என்று அடைக்கும். சப்-வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையளவில் நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் பாஸ் தெளிவாகவும் சமமாகவும் கேட்கிறதோ அங்கே சப்-வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை, பலனும் நிச்சயம்.

ரிசீவரில் வேறென்ன பார்க்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவி-யோடு இணைக்க எச்டிஎம்ஐ ஏஆர்சி அவசியம். ஓடிடி-யில் வருகிற அட்மாஸ் ஒலிக்கு அதுவே போதும். ப்ளூ-ரே தட்டின் முழுத்தர ஒலியை டிவி வழியாக அனுப்ப நினைப்பவர் மட்டும் இ-ஏஆர்சி தேடினால் போதும். அறையை மைக் வைத்து அளந்து திருத்துகிற வசதி, ஆடிசி, டிராக், யமஹாவின் ஒய்பிஏஓ போல ஏதாவது ஒன்று, கட்டாயம் இருக்கட்டும். பல வாட்ஸ் செய்யாததை அந்தச் சின்ன மைக் செய்யும். பின்னால் 'ப்ரீ-அவுட்' இருந்தால், நாளைக்குப் பெரிய வீடு கட்டும்போது தனி பவர் ஆம்ப் சேர்த்துக்கொள்ளலாம். கூரை ஸ்பீக்கர் ஆசை இருப்பவர்கள் ஏழு சேனல் ரிசீவராக வாங்கி, முதலில் ஐந்தைச் சரியாக நிறுத்துங்கள். மீதி இரண்டு காத்திருக்கட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள், ரிசீவரின் கையேட்டில் 4 ஓம் அனுமதி இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

வயருக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் பத்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பினாலும் அதன் தடை 0.14 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வீட்டு வயரிங் கடையிலேயே கிடைக்கும்.

மின்சாரத்தையும் வெப்பத்தையும் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும், ஏனென்றால் செட்டுகள் சாவது இவற்றால்தான். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் ரிசீவரையும் சப்-வூஃபரையும் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும். ஸ்பீக்கரில் 'ஹம்' வந்தால், முதலில் செட்-டாப் பாக்ஸுக்கு வருகிற டிஷ் அல்லது கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் குற்றம் அந்த வழியில் வந்த எர்த்தில் இருக்கிறது. ஹம் போவதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடுகிற வேலை அது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஷோகேஸ் கண்ணாடிக் கதவுக்குள் ரிசீவரை அடைத்து, மேலே செட்-டாப் பாக்ஸை ஏற்றி, தூசிக்காகப் பூத்துணி போர்த்துவதும் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே இருக்கிற கண்டென்சர்களின் ஆயுள் பாதியாகிவிடும். மேலே ஒரு சாண் இடமாவது திறந்திருக்கட்டும். காற்றுத் துளைகள் வழியே பல்லி போகாமல் சன்னமான வலை கட்டலாம், ஆனால் காற்று போக வேண்டும்.

வால்யூம் குமிழை முடிவு வரை திருகுவதும் ஆபத்து. ஆம்ப்ளிஃபையர் தன் எல்லைக்கு வந்து அலையின் தலையை வெட்டத் தொடங்கினால், ட்வீட்டருக்குப் போகிற சராசரி ஆற்றல் கூடிக் காயில் கருகும். சத்தம் கரகரக்கிற இடத்துக்கு வெகு முன்பே நிறுத்திவிடுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். நூறு ரூபாய் இருந்தால் அறுபதை ஸ்பீக்கருக்கும் சப்-வூஃபருக்கும் வையுங்கள். முப்பது ரிசீவருக்கு. மீதி பத்து ஸ்டாண்டுக்கும் வயருக்கும் திரைச்சீலைக்கும். ரிசீவரில் எச்டிஎம்ஐ-யும் டிகோடரும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஹாலின் நீளம், அகலம், சோபாவின் தூரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் சண்டைக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் நன்றாக அறிந்த ஒரு படத்தில், இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுகிற காட்சியைப் போடச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிற செட்டுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.